காசியில் போன என் தேத்தண்ணி

இந்தியாவில் படிக்கும் என் தங்கை மகள் இன்று காலை முதன்முதலாகக் காசியில் கால் வைத்தாள். படித்துறையில் நின்று எனக்கு வீடியோ கால் எடுத்தாள்.

எங்கள் மலைப்பாதையின் பெரகல வளைவுகளைத் தாண்டுவதற்குள் மூன்று முறை வாந்தியெடுக்கும் நான், பூனாகலை வீட்டில் உட்கார்ந்தபடியே அவளுக்குக் காசி முழுவதையும் சுற்றிக்காட்டினேன்.

"காசிக்குப் போனா பிடிச்சது ஒன்ன விட்டுட்டு வரணும்மா. அதுதான் முறை."

"பாகற்காய விட்டுறவா மாமா?"

எனக்குள் உறங்கிக்கொண்டிருந்த முனிவர் எழுந்துவிட்டார். "பிடிக்காதத விட்டா கங்கை சிரிக்கும். உசிருக்கு உசிரானத விடணும். அப்பதான் ஏழு தலைமுறைக்கும் புண்ணியம்."

அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "அப்ப மாமா பேர்ல தேத்தண்ணிய விட்டுரு கண்ணு. நாள் பூரா ஊத்தி ஊத்தி என் கை ஓஞ்சு போச்சு."

"சரிங்க அத்த."

"ஏய், இரு" என்று நான் வாய் திறப்பதற்குள் அவள் கங்கை நீரை மூன்று முறை அள்ளி விட்டுவிட்டாள். "முடிஞ்சிருச்சு மாமா."

ஜன்னலைத் திறந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை. உலகத்துக்கே தேத்தண்ணி கொடுக்கும் இந்த மலையில் காலையிலிருந்து வெறும் சுடுதண்ணீர் குடிக்கும் ஒரே ஜீவன் நான்தான். கேட்டால், "ஏழு தலைமுறைங்க" என்கிறாள் மனைவி.

ஒருவர் பேரில் இன்னொருவர் விட்டது செல்லுமா, அதுவும் வீடியோ காலில்? சாஸ்திரம் தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லவும். பக்கத்து வீட்டில் பிளேன்டீக்கு இஞ்சி தட்டும் சத்தம் கேட்கிறது.