திறந்துவிட்ட புறா

டத்தோ கிராமாட் ஊரின் கோடியில், மழை விட்ட தென்னந்தோப்பு. ஈப்போவில் பறவைப் பாதுகாப்புச் சங்கம் நடத்தும் நான், போன தடவை இங்கே புறா பிடிக்கும் வலைக்காரரிடம் ஒரு மணிப்புறாவை விலைக்கு வாங்கி, மூங்கில் கூண்டைத் திறந்துவிட்டேன். கூவிக் கூவி மற்றப் புறாக்களை வலைக்கு அழைக்கப் பழக்கிய புறா அது. இன்று அது அதே கூண்டில் உட்கார்ந்திருக்கிறது. கதவு திறந்தே கிடக்கிறது.

"மறுபடியும் பிடிச்சீங்களா?"

"இல்லண்ணே, அதுவாத்தான் வந்துச்சு," என்கிறார் வலைக்காரர். "முந்தி காலையில மட்டும் கூவும். இப்ப நிறுத்தவே மாட்டேங்குது. வலைய நேத்தே அவுத்துட்டேன், பயமா இருக்குலா."

திறந்துவிட்ட நானே கதவைச் சாத்தி, கோட்டைக் கழற்றிக் கூண்டை மூடுகிறேன். இருட்டானால் எந்தப் புறாவும் அடங்கிவிடும். இது அடங்கவில்லை. கோட்டுக்குள்ளிருந்து கூவுகிறது.

ஒவ்வொன்றாகப் புறாக்கள் இறங்குகின்றன. வெறும் தரையில், என் காலைச் சுற்றி, வலைக்குள் நிற்பதுபோல் அசையாமல் நிற்கின்றன.