எக்சோஸில் ஒட்டிய திருநீறு

என் கணவர் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் எக்ஸ்பிரஸ் பஸ் ஓட்டியவர். அவர் வீட்டில் கார் நிற்பதற்கு ஒரு சட்டம் உண்டு: முகம் ரோட்டைப் பார்க்க வேண்டும். ரிவர்ஸிலேயே வந்து, ஒரே திருப்பில் வீட்டு முகப்பில் இருக்கும் போர்ச்சுக்குள் நுழைத்துவிடுவார். மூக்கை உள்ளே விட்டு நிறுத்துகிறவர்களைச் சோம்பேறிகள் கணக்கில் சேர்ப்பார். போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. அதற்குப் பிறகு காரை ஓட்டியது நான். எனக்கு ரிவர்ஸில் உள்ளே நுழைக்க வராது. மருத்துவமனைக்கு அவரைக் கூட்டிப் போய்த் திரும்பினால் மூக்கை உள்ளே விட்டுத்தான் நிறுத்துவேன். அதைப் பார்த்துவிட்டும் அவர் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். எனக்குப் பயமே அதுதான். திட்டுகிற மனுஷன் திட்டாமல் இருந்தால் வீடு வீடாக இல்லை.

கால் நன்றாகத் தேறிவிட்டது. வலது கை விரல்கள்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அமுக்கிப் பழகச் சொல்லி ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். அது சாமி மாடத்துக்குப் பக்கத்தில் தூசி பிடித்துக் கிடந்தது. பிறகு ஒரு நாள், பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு கிட்ட தூரம் கார் ஓட்டலாம் என்று டாக்டர் சோதித்துப் பார்த்துச் சொன்னார். எங்கள் கார் ஆட்டோ கியர், அதனால் சிரமம் இல்லை என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கவேண்டுமே. இவர் ஸ்டியரிங் பக்கம் போகவே இல்லை. ஒரு நாள் தேத்தண்ணீர்க் கோப்பை கையிலிருந்து நழுவி விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, “காரை வித்துடு” என்றார். எனக்குக் கார் பெரிதில்லை. அந்த இருக்கையில் உட்காராத இந்த மனுஷன் இனி எதற்கும் எழுந்திருக்கமாட்டார் என்று தோன்றியது. அன்று சமையலறையில் வெங்காயம் இல்லாமலே அழுதேன்.

தினமும் காலையில் கேட்டு வரை நடந்து திரும்ப வேண்டும் என்பதும் டாக்டர் உத்தரவு. துணைக்கு ஒரு கைத்தடியோடு நடப்பார். திரும்பி வரும்போது காரின் பின்பக்கத்தைப் பார்த்துத்தானே வரவேண்டும்? என் பார்க்கிங்கின் புண்ணியத்தில். அப்படி ஒரு காலை, பாதி வழியில் நின்றார். தலை சுற்றுகிறதோ என்று விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடினேன்.

“எக்சோஸப் பாரு. பீத்தப் பானை மாதிரி இருக்கு. ரோட்டுல போறவன் என்னைப் பத்தி என்னா நெனைப்பான்?”

எக்சோஸ் என்றால் பம்பருக்குக் கீழே தொங்கும் சைலன்சர் உருளை. துரு ஏறிச் செதில் செதிலாக நின்றது. ஓட்டை இல்லை, சத்தமும் இல்லை, அழகுதான் போயிருந்தது. அதைப் பற்றி எனக்கு என்ன கவலை? ‘என்னைப் பத்தி’ என்று அவர் வாயிலிருந்து வந்ததே, அதுதான் காதில் தேனாக விழுந்தது. கார் இன்னும் அவருடையதுதான்.

மறுபேச்சுப் பேசாமல் ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். சூடு தாங்கும் வெள்ளி நிற ஸ்பிரே ஒன்றும் உப்புத்தாளும் வாங்கினேன். அடித்துக் காய்ந்த பிறகு எஞ்சினை ஓடவிட வேண்டும், அந்தச் சூட்டில் வெந்தால்தான் பெயிண்ட் இறுகும், இல்லாவிட்டால் உரிந்துவிடும் என்று கடை முதலாளி, சீனத் தவுக்கே, மலாயில் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

காரின் பின்னால் குட்டி பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். முதலில் உப்புத்தாளால் துருவைத் தேய்க்க வேண்டும். இடது கையால் தேய்த்துப் பார்த்தார், கோணம் சரிவரவில்லை. வலது கைக்கு மாற்றினார். தாள் விழுந்தது. எடுத்தார். மறுபடியும் விழுந்தது. நான் தேய்க்கட்டுமா என்று நாக்கு நுனி வரை வந்ததைக் கடித்து விழுங்கினேன். கல்யாணமான நாளிலிருந்து நான் வாயை மூடிக்கொண்டிருந்த காரியங்களில் பெரியது அதுதான். ரப்பர் பந்தைத் தொடாத விரல்கள் அந்த வாரம் முழுதும் காலையும் மாலையும் துருவைத் தேய்த்தன. எங்கள் தாமான் குடியிருப்பு பழைய ரப்பர்த் தோட்டத்தில் எழும்பியது. பின் சந்தில் மிஞ்சி நிற்கும் மரங்களில் வெயிலுக்குக் காய் வெடிக்கும் சத்தமும் இவருடைய உப்புத்தாள் சத்தமும்தான் அந்த நாட்களில் எனக்குச் சங்கீதம். மாலையில் கழுவக் கொடுத்த கையில் துருப்பொடி அப்பியிருக்கும். முகத்தில் வெகுநாள் கழித்து ஓர் எரிச்சல் தெரியும். சோறு ஆறிவிட்டது என்று ஒரு நாள் திட்டவும் திட்டினார். அவ்வளவு சந்தோஷமாக நான் சோற்றைச் சுடவைத்ததே கிடையாது.

வெள்ளிக்கிழமை காலை பம்பரைப் பேப்பர் ஒட்டி மறைத்துவிட்டு ஸ்பிரே அடித்தார். விரலால் அமுக்க முடியவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக் கட்டைவிரலால் அமுக்கினார். ஒரு பூச்சு, சற்று நேரம் கழித்து இன்னொரு பூச்சு. எக்சோஸ் புதுப் பாத்திரம் மாதிரி மின்னியது. அடுத்தது எஞ்சினை ஓடவிடும் வேலை. “சாயங்காலம் நீ ஸ்டார்ட் பண்ணி வுடு” என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். என் மனசு விட்டுப்போயிற்று. இவ்வளவு செய்தும் அந்த இருக்கைக்கு மட்டும் வரமாட்டேன் என்கிறாரே.

அன்று மதியம் சிலிம் ரிவரிலிருந்து ரயிலேறி வந்து சேர்ந்தார் என் கணவரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணி வீட்டில் மிக்ஸி வாங்கினாலும் பொட்டு வைத்துத்தான் அரைப்பார். எக்சோஸ் பளபளப்பதைப் பார்த்தார். வண்டிக்குப் புதுசாக எது செய்தாலும் பூசை போட வேண்டாமா என்று கேட்டவர், நான் அடுப்பில் குழம்பை இறக்கி வைத்து வருவதற்குள் முடித்தேவிட்டார். திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து எக்சோஸில் மூன்று கோடு, நடுவில் குங்குமம். நாலு டயருக்கும் முன்னால் நாலு எலுமிச்சம்பழம். பெயிண்ட் இன்னும் முழுசாகக் காயவில்லை, அண்ணி. யாரிடம் சொல்வது?

சூடம் காட்டும் வாசனைக்கு இவர் எழுந்து வந்தார். பார்த்தார். கைத்தடியைத் தரையில் தட்டினார்.

“பழத்த எடுத்துடுக்கா.”

“வச்ச பழத்த எடுக்கலாமாடா? வண்டி ஏறணும். வண்டிக்காரன்தான் ஏத்தணும்.”

“அவ ஏத்துவா.”

“வண்டி யாரு பேர்ல இருக்கு? நீ ஏறலன்னா அது அங்கயே கிடக்கும் லா. நான் தட்டோட இங்கயே நிக்கிறேன்.”

அண்ணி நின்றார். சும்மா நிற்கவில்லை, சூடம் அணைய அணைய ஏற்றிக்கொண்டு நின்றார். பாவம், முட்டி வலிக்காரர்.  எனக்குத் தெரியும், டயருக்கு வைத்த பழத்தைக் கையால் எடுக்க எங்கள் குடும்பத்தில் யாருக்கும் துணிச்சல் கிடையாது, இவருக்கும்தான். பஸ் ஓட்டிய காலத்தில் ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் பழம் நசுக்கித்தான் பஸ்ஸை எடுத்தவர். டாக்டரால் முடியாததை, நான் கெஞ்சியும் நடக்காததை, சந்தையில் வாங்கிய நாலு எலுமிச்சம்பழம் செய்யுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் என்னிடம் கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன்.

நான் பக்கத்து இருக்கையில் ஏறி, கையை ஹேண்ட்பிரேக்கில் வைத்துக்கொண்டேன். வலது கையை ஸ்டியரிங் மேல் தூக்கி வைத்தார். விரல்கள் மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாக மூடின. ஒரு வாரம் உப்புத்தாளைப் பிடித்த விரல்கள். முன்னால் சுவருக்கு ஓரடிதான் இடம். வண்டி மெல்ல நகர்ந்தது. பழங்கள் நசுங்கும் சத்தம் கேட்டது. பிரேக்கில் நின்றோம். அதோடு இறங்கிவிடுவார் என்று நினைத்தேன்.

அவர் ரிவர்ஸ் போட்டார். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினார், ஏனென்றால் அது மாதக்கணக்காக என் உயரத்துக்கு இருந்தது. கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தோம். கடைவரிசை முனையில் திரும்பும்போது பின்னால் புகை எழுந்தது. எதிர்வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்தவர், “அண்ணே, வண்டி புகையுது” என்றார். பெயிண்ட் வேகிறது என்று இவர் ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று என்று கணக்குப் பார்க்கவும் எனக்குத் தோன்றவில்லை. முருகா என்று மட்டும் சொன்னேன். தாமானைச் சுற்றிப் பெட்ரோல் நிலையம் வரை போய்த் திரும்பினோம்.

வீட்டு வாசலைத் தாண்டிப் போய் நிறுத்தினார். கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். ரிவர்ஸிலேயே வந்து போர்ச்சுக்குள் நுழைந்தார். ஒரே திருப்பில் முடியவில்லை; நடுவில் ஒரு தடவை முன்னே போய்ச் சரிசெய்துகொண்டார். அந்த ஒரு தடவைக்காகத் தன்னையே திட்டிக்கொண்டார். நான் இறங்கி ஓடினேன். தட்டோடு நின்ற அண்ணியைக் கட்டிக்கொண்டேன். நான் அவரை எத்தனையோ தடவை மனசுக்குள் கேலி செய்திருக்கிறேன். அன்று காலில் விழச் சொன்னாலும் விழுந்திருப்பேன்.

எக்சோஸில் திருநீறு பெயிண்டோடு சேர்ந்து வெந்து இறுகிவிட்டது. மூன்று கோடும் வெள்ளையாக, குங்குமம் கரும்புள்ளியாக. இவர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார், வரவில்லை. “ஒட்டிக்கிச்சு” என்றார் அண்ணி, தாமே ஒட்டியதுபோல் பெருமையாக. பாழாக்கிவிட்டாயே என்று இவர் அக்காவைக் கடிந்துகொண்டார். மறுபடி தேய்த்து அடிக்கலாமா என்று நான் கேட்டதற்கு, மிஞ்சிய உப்புத்தாளைச் சுருட்டிக் குப்பையில் போட்டார்.

இப்போது மருத்துவமனைக்கு அவரே ஓட்டுகிறார், நான் பக்கத்தில். கார் மறுபடியும் ரோட்டைப் பார்த்து நிற்கிறது. ரோட்டில் போகிறவன் என்ன நினைப்பான் என்றுதான் அந்த எக்சோஸுக்கு வெள்ளி அடித்தோம். இன்று ரோட்டில் போகிற யாருக்கும் அது தெரிவதில்லை. பின்பக்கம் வீட்டைப் பார்த்து இருக்கிறது. காலையில் கதவைத் திறந்ததும் நான் மட்டும் குனிந்து அந்த மூன்று கோட்டையும் பார்த்துக் கும்பிட்டுக்கொள்கிறேன்.