மஞ்சள் தண்ணீரில் வெந்த பொம்மை

மகள் இரண்டாம் வகுப்பில் படித்த வருடம், எங்கள் நோபல் பார்க் வீட்டுக்கு ஒரு சோளமடல் பொம்மையைக் கொண்டுவந்தாள். அமெரிக்காவில் இரோகுவா என்னும் பழங்குடிச் சனத்தின் பிள்ளைகள் அப்படியான பொம்மைகளோடுதான் விளையாடுவார்களாம். வகுப்பில் ஈர மடலை மடித்து, நூலால் கட்டிச் செய்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை கண்காட்சி.

புத்தகப்பைக்குள் இரண்டு நாள் கிடந்ததில் பொம்மையின் பாவாடை முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். ஊறி அழுகிய வைக்கோல் மணம். கண் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சின்னப் பூச்சி நடந்து போனது.

"மூஞ்சி கீறேல்லையோ பிள்ளை?"

"இதுக்கு முகம் வைக்கக்கூடாது அம்மா. வைச்சா, தான் வடிவெண்டு பெருமை பிடிச்சிடும். டீச்சர் சொன்னவ." சொல்லிவிட்டு அந்த மொட்டைத் தலையில் வாய் வைத்துக் கொஞ்சினாள்.

அந்த வாயால்தானே இனிச் சாப்பிடப் போகிறாள்! நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எது கிருமி, எது இல்லை என்று எனக்குத் தெரியாது. ஆகவே எல்லாமே கிருமிதான்.

வியாழன் பின்னேரம் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, மஞ்சளும் உப்பும் போட்ட தண்ணீரில் பொம்மையை அவித்தேன். கணவர் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, சொதியோ?"

"கிருமி சாகட்டும் எண்டு."

"நல்ல காலம், தேங்காய்ப்பால் விடேல்லை."

நூல் கழன்று தலை தனியே மிதந்தது. குசினி முழுக்க நாற்றம். மகள் வந்து பார்த்தாள்.

"யூ குக்ட் ஹர்!" என்று வீரிட்டாள். "நாளைக்கு என்னட்ட மட்டும் பொம்மை இல்லை!"

தண்ணீர் ஆறியதும் தானே கையை விட்டு ஒவ்வொரு மடலாக எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். "கட்டுங்கோ."

சளியைத் தொட்டதுபோல் வழுக்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டினேன். இடுப்பை இறுக்கியபோது மஞ்சள் தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. கால் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை.

மறுநாள் அதை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு நானே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். டீச்சர் வெறுங்கையால் வாங்கினார், மூக்கருகே பிடித்தார், நல்ல நிறம் என்றார். யன்னலோரம் வரிசையில் வைத்ததும் மகள் என்னைத் திரும்பியும் பாராமல் ஓடினாள்.

பள்ளிக்கூடக் குழாயில் இரண்டு தரம் கை கழுவினேன். வீட்டுக்கு வந்து மூன்றாம் தரம். மத்தியானம் சோற்றைப் பிசையப் போன கை அப்படியே நின்றுவிட்டது. கரண்டியால்தான் சாப்பிட்டேன்.