பாலிக் புலாவ் மலையில் நம்பர் இல்லாத ஜீப்

பினாங்கில் இறங்கியதும் முதலில் என் வயிறு எரிந்தது அங்குள்ள சாலைகளைப் பார்த்துத்தான். விமான நிலையத்திலிருந்து கெலுகோரில் உள்ள என் தங்கை வீட்டுக்குப் பத்து கிலோமீட்டர் இருக்கும். வாடகைக் காருக்கு இருபது வெள்ளி; ரிங்கிட்டை அங்குள்ள தமிழர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். வழி முழுக்க ஒரு குழிகூட இல்லை. கோத்தகிரிக்கு மேலே என் வீட்டிலிருந்து தார்ச்சாலையைத் தொடவே ஒன்றரை கிலோமீட்டர் செம்மண் ஏற்றம். மழைக்காலத்தில் அதில் ஏறக்கூடிய ஒரே வண்டி என் பழைய ஜீப். அதுவும் இப்போது ஏறுவதில்லை.

ஊர் சுற்றிப் பார்க்க வருவதாகத் தங்கையிடம் சொல்லியிருந்தேன். உண்மையில் நான் வந்தது ஒரு இரும்புத் துண்டைத் தேடி. ஒவ்வொரு முன்சக்கரத்தின் நடுவிலும், கைக்குள் அடங்கும் அளவில் ஒரு ஹப் இருக்கும். சேறு வந்தால் வண்டியை நிறுத்தி, இறங்கிப்போய், அதைக் கையால் திருகிப் பூட்ட வேண்டும். அப்போதுதான் முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். நல்ல சாலை வந்ததும் திறந்துவிட வேண்டும். என் ஜீப்பில் ஒரு பக்கத்து ஹப் பல் தேய்ந்து போய்விட்டது. இந்த ஜப்பான்காரச் சின்ன ஜீப்பை நம் நாட்டில் யாரும் இப்போது செய்வதில்லை; கோயம்புத்தூர் முழுக்கத் தேடியும் ஹப் கிடைக்கவில்லை. ஆடி பிறந்ததும் வண்டியை எடுத்துக்கொள்வதாகக் காயலான் கடைக்காரர் சொல்லி வைத்திருந்தார். இதே ஜீப் மலேசியாவிலும் ஓடியது என்று தெரிந்ததும் டிக்கெட் போட்டுவிட்டேன்.

காரோட்டி சுங்கை பாக்காப் என்ற ஊர்க்காரர், தமிழர். அவர் காரில் அகலமான திரை ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது. சாலையின் வெள்ளைக்கோட்டைத் தாண்டினால் அது கீச்சிட்டது.

"அண்ணே, பழைய நாலு சக்கர இழுவை ஜீப் இங்க கிடைக்குமா?" என்று கேட்டேன்.

"அந்த மாதிரி ஃபோர்வீல்லாம் இப்ப எங்கலா இருக்கு! எங்க ஏரியா எஸ்டேட்ல நெறைய ஓடுச்சி. கோலாலம்பூர் பணக்காரனுங்க வந்து வாங்கிட்டுப் போயிட்டானுங்க. சாயம் அடிச்சி, வீட்டுக்குள்ள நிப்பாட்டி வச்சிருக்கானுங்க. மழை பட்டா அழுவானுங்க."

சேற்றுக்குப் பிறந்த வண்டியை மழைக்குக் காட்டாமல் வைத்திருப்பவர்களை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் அவர்கள்மேல் பொறாமையாக இருந்தது. அவர்கள் வண்டியில் ஹப் நன்றாக இருக்குமே.

மறுநாள் காலை தங்கையோடு ஜார்ஜ் டவுன் போனேன். பழைய கடைவீடுகள் வரிசையாக நிற்கும் தெருக்களில் நடக்க நன்றாக இருந்தது. ஆனால் என் கண் சுவர் ஓவியங்களில் இல்லை, நிறுத்தியிருந்த வண்டிகளில் இருந்தது. எல்லாம் உயரமான, பளபளக்கும் புதுக் கார்கள். மலையேறத் தயார் என்பதுபோல மிரட்டலாக நின்றன. ஒன்றின் டயரிலும் மண் இல்லை. ஒரு காப்பிக் கடை வாசலைத் தாண்டிப் போனவள் திரும்பி வந்தேன். உள்ளே என் ஜீப், அதே உருவம், பச்சை நிறத்தில் நின்றது.

காப்பி பதினான்கு வெள்ளி. இந்தியப் பணத்துக்கு மாற்றிப் பார்க்காமல் குடித்தேன். ஜீப்பின் என்ஜினைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கண்ணாடிப் பெட்டி வைத்து கேக் அடுக்கியிருந்தார்கள். நான் மண்டியிட்டு முன்சக்கரத்தைத் தடவினேன். ஹப் இருக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் மூடி.

"அக்கா, எழுந்திரு. எல்லாரும் பாக்கறாங்க," என்றாள் தங்கை.

"பாக்கட்டும்," என்றேன். எழுந்தபோது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அங்கேயே அவளிடம் வந்த காரியத்தைச் சொல்லிவிட்டேன். அவள் என்னை முறைத்துவிட்டு, உடனே கணவருக்குப் போன் செய்தாள்.

அப்படித்தான் மூன்றாம் நாள் தங்கையின் கணவர் முகுந்தன் என்னைத் தீவின் மறுபக்கம், பாலிக் புலாவுக்கு அழைத்துப் போனார். அங்கே மலைச்சரிவில் அவருடைய பெரியப்பா மகள் தேவி அக்கா டுரியான் என்ற முள்பழத் தோட்டம் வைத்திருக்கிறார். பாயான் லெப்பாஸ் பகுதியில் ஓர் ஆலையில் வேலை பார்த்து, ஓய்வுபெற்ற பணத்தில் கணவரோடு சேர்ந்து வாங்கிய தோட்டம். இப்போது கணவர் இல்லை.

முகுந்தனின் கார் போன வருடம் வாங்கியது. மலைவளைவுகளில் பூனைபோல் ஏறியது. தோட்டத்துக் கதவுவரை வந்தபின் தகராறு செய்தது. பாதையில் தொங்கிய கிளையைப் பார்த்துத் தானாகப் பிரேக் போட்டது; மறுபடி கிளப்பினால் ஒரு இலைக்கு மறுபடி நின்றது. முகுந்தன் காரை இப்படியும் அப்படியும் சமாதானப்படுத்திப் பார்த்தார்.

"உங்க கார் ரொம்ப ஜாக்கிரதை," என்றேன். அன்று அதுவரை எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அது.

அப்போது மேலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. கண்ணை மூடினாலும் எனக்குத் தெரியும், இரண்டாம் கியரில் இறங்கும் சத்தம். துருப்பிடித்த சாம்பல் நிற ஜீப் ஒன்று கூடை கூடையாகப் பழங்களோடு வந்து நின்றது. நம்பர் பலகை இல்லை. கதவும் இல்லை. ரப்பர் பூட்ஸ் போட்ட, அறுபதைத் தாண்டிய அம்மாள் இறங்கினார்.

"நீதான் கோத்தகிரி தங்கச்சியா? ஏறும்மா. ராத்திரி விழுந்த பழம் இன்னும் மேல கெடக்கு. வெயில் ஏறுனா ருசி போயிடும்."

இங்கே டுரியானைப் பறிப்பதில்லை, தானாக விழக் காத்திருக்கிறார்கள். விழுந்ததைக் காலையிலேயே கீழே இறக்கிவிட வேண்டும். கூடைகளைக் கதவோரம் இறக்கிவிட்டு, அந்த ஜீப்பில் செங்குத்தாக ஏறினோம். டயர் வழுக்கவில்லை, என்ஜின் முனகவில்லை. அக்கா ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, மறு கையால் எனக்கு மரங்களைக் காட்டிக்கொண்டு வந்தார். எனக்கு ஒரு மரமும் கண்ணில் படவில்லை. இவருடைய வண்டி வேலை செய்கிறது, என்னுடையது கொட்டகையில் கிடக்கிறது என்பதைத் தவிர வேறொன்றும் மனதில் ஓடவில்லை. அவ்வளவு பொறாமையை நான் எந்த மனுஷர்மேலும் பட்டதில்லை.

மேலே போனதும் முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்தேன். ஹப் இல்லை! அங்கே தட்டையான இரும்புத் தகடு ஒன்று முடுக்கப்பட்டிருந்தது.

"அதக் கழட்டிட்டேன்," என்றார் அக்கா. "ரோட்டுக்குப் போற வண்டிக்குத்தானே தெறக்கணும், பூட்டணும்? இது எங்க போவுது? எப்பவும் பூட்டியே கெடக்கட்டும்னு தகடு போட்டாச்சி. அவரு படுத்த படுக்கையா இருந்தப்ப ரோட் டெக்ஸ் கட்டாம விட்டுட்டேன். வருசக்கணக்கா ஆயிடுச்சி, பதிவுலேருந்து வண்டி பேர வெட்டிட்டாங்க. தோட்டத்துக் கதவத் தாண்டக் கூடாது."

என்னுடைய ஜீப் சாலையில் ஓடுமா என்று கேட்டார். போனில் படங்களைக் காட்டினேன். கோத்தகிரி வளைவில் ஒன்று, மேட்டுப்பாளையம் பாக்கு மண்டி வாசலில் ஒன்று. நம்பர் பலகை தெரியும் படத்தை அவர் விரலால் பெரிதாக்கி, நெடுநேரம் பார்த்தார்.

"எனக்குப் பொறாமையா இருக்குலா," என்றார்.

மரங்களுக்கு நடுவே கீழே கடல் தெரிந்தது. "அந்தா, அந்தக் கடக்கரைக்கு ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் இதுலதான் போவோம். இப்ப மருமகன் காருல போறேன். ஜன்னலத் தெறந்தா அவனுக்கு ஏசி போயிடுமாம்."

பிறகு குடிசைக்குள் போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். எண்ணெய்த் துணிக்குள் இரண்டு ஹப்புகள், பல்லெல்லாம் முழுசாக.

"என்னைக்காவது பேர் திரும்பக் கெடச்சா மாட்டலாம்னு வச்சிருந்தேன். எடுத்துக்க."

எனக்கு ஒன்று போதும். ஒன்றை அவருக்கே விட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. "ஒண்ணு போதும்க்கா," என்றும் சொன்னேன்.

"ஒண்ண வச்சிக்கிட்டு நான் என்னா பண்றது? ரெண்டும் தேஞ்சாத்தான் தேடுவியா? எடுத்துக்கம்மா. ஆனா ரோட்டுல ஓட்டி வீடியோ அனுப்பணும்."

நான் மறுக்கவில்லை. இரண்டையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். இறங்கும்போது ஓட்டச் சொன்னார். ஓட்டினேன். கதவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்து நிறுத்தினேன்.

விமானத்தில் எடை கூடிவிடும் என்று தங்கை கொடுத்த ஜாதிக்காய் ஊறுகாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவள் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

கோத்தகிரியில் ஹப் கச்சிதமாகப் பொருந்தியது. காயலான் கடைக்காரரைத் திருப்பி அனுப்பினேன். செம்மண் ஏற்றத்தில் பூட்டி ஏறி, தார்ச்சாலையில் திறந்துவிட்டு, மேட்டுப்பாளையம்வரை ஓட்டி, தேவி அக்காவுக்கு வீடியோ அனுப்பினேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பீற்றிக்கொள்ளத்தான் அனுப்பினேன்.

மறுநாள் காலை பதில் வந்தது. எழுத்து எதுவும் இல்லை, ஒரு படம் மட்டும். தோட்டத்துக் கதவு விரியத் திறந்திருக்கிறது. சாம்பல் நிற ஜீப்பின் பின்சக்கரங்கள் உள்ளே மண்ணில். முன்சக்கரங்கள் இரண்டும் வெளியே, தார்ச்சாலையில்.

நான் ஓட்டியது முப்பது கிலோமீட்டருக்கு மேல். அக்கா ஓட்டியது இரண்டு அடி. அந்த இரண்டு அடியைப் பார்த்து எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.