மேசைக்கு அடியில் ஐந்து சிவப்புப் புள்ளிகள்

அவரைப் பதிலம்மா என்று கூப்பிட்டவர்கள் மொத்தம் நாலே பேர். சைக்கிள் கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகளில் அவரோடு உட்கார்ந்து கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றை உருவாக்கியவர்கள். சுட்டுத் தள்ளுகிற விளையாட்டு இல்லை. கடிகாரம் ரிப்பேர் செய்கிற ஒருவன் மணிக்கூண்டுச் சாவியைத் தேடி வீடு வீடாக அலைகிற விளையாட்டு. மவுஸை நகர்த்தி எதன்மேல் அம்பை வைத்து அழுத்தினாலும் அவன் அங்கே நடந்துபோய் அதைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும். அலமாரியை அழுத்தினால் அலமாரியைப் பற்றி, செத்த ஈயை அழுத்தினால் ஈயைப் பற்றி. அந்த 'ஏதாவது' முழுவதையும் எழுதியவர் பதிலம்மா.

விளையாடுகிறவர்கள் சும்மா இருப்பார்களா? சோப்பை எடுத்துக் கிளியிடம் நீட்டுவார்கள். ஏணியைத் தேநீர்க் கோப்பைக்குள் இறக்கப் பார்ப்பார்கள். எல்லாவற்றுக்கும் 'முடியாது' என்று ஒரே சொல்லைப் போட்டுக் கையைக் கழுவியிருக்கலாம். பதிலம்மா அதற்கு ஒப்பவில்லை. "மெனக்கெட்டு அழுத்துறான், அவனுக்கு ஒரு மரியாதை வேணாமா?" என்பார். ஆகவே கிளியிடம் சோப்பை நீட்டினால், "அது என்னைவிடச் சுத்தமாத்தான் இருக்கு" என்பான் கடிகாரக்காரன். இப்படி நாலாயிரத்துச் சொச்சம் பதில்கள். பாதியை யாரும் படித்திருக்கவே மாட்டார்கள். இப்போது மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாளில் பிழை பார்க்கும் வேலை அவருக்கு. அதையும் யாரும் படிப்பதில்லை. மனுஷிக்கு வாய்த்தது அப்படி.

விளையாட்டில் வரும் அறைகளை வரைந்தவர் அவர் கணவர். திரையின் அகலத்தில் முந்நூற்று இருபது புள்ளி, உயரத்தில் இருநூறு. அதற்குள் ஒரு உலகம். காகிதம் கிடையாது, நேராகத் திரையிலேயே வரைவார். கற்பனைக்காக அவர் எங்கேயும் அலையவில்லை, சொந்த வீட்டையே தூக்கி உள்ளே வைத்துவிட்டார். கைப்பிடி உடைந்த கெட்டில், வீட்டுச் சொந்தக்காரரின் குடை, பதிலம்மாவின் மூக்குக்கண்ணாடி, கால் ஆடுகிற நாற்காலி. வராதது ஒன்றே ஒன்று. அவர் பெற்ற மகள்.

இதை மகள் கண்டுபிடித்தது பதினாலு வயதில். அன்றிலிருந்து அவள் அந்த விளையாட்டைத் தொடவில்லை. "ஓட்டைக் கெட்டிலுக்கு இடம் இருந்துச்சு, எனக்கு இல்ல" என்பாள், சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அப்பா இறந்தபோதும் அதையே சொன்னாள். அப்போது சிரிக்கவில்லை. பதிலம்மாவுக்கு அது தொண்டையில் சிக்கிய முள்ளாகவே இருந்தது.

இந்த வருஷம் ஒரு புதிய கம்பெனி அந்த விளையாட்டைப் புதுப்பிக்கக் கிளம்பியது. கதை அதே, படங்கள் மட்டும் பளிச்சென்று. அங்கேதான் சிக்கல். ஆறு புள்ளியில் ஒரு பொருளைக் காட்டியிருந்தால் பழைய திரையில் கண் மீதியை நிரப்பிக்கொள்ளும். பெரிதாக வரையும்போது அது இன்னதென்று முடிவு செய்தாக வேண்டும். பதிலம்மாவின் மூக்குக்கண்ணாடியை அவர்கள் இரண்டு வண்டுகளாக வரைந்து வைத்திருந்தார்கள்! அதனால்தான் அவர்களுக்குப் படம் வரைகிற ஓவியப் பெண் ஒருநாள் மத்தியானம் லேப்டாப்போடு வீட்டுக்கே வந்துவிட்டாள், புரியாத பொருள்களின் பட்டியல் ஒன்றோடு.

மகள் வேலை பார்க்கும் பரிசோதனைக் கூடத்துக்கு அன்று விடுமுறை. சோபாவில் காலை மடித்துப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் போனில், காது இங்கே.

ஓவியப் பெண் ஒரு பொத்தானை அழுத்தினால் பழைய படம், மறுபடி அழுத்தினால் புதியது. பதிலம்மா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். இது ஊறுகாய் ஜாடி இல்லை, மை பாட்டில். இது பூனை இல்லை, சுருட்டி வைத்த ஸ்வெட்டர். பட்டியல் மளமளவென்று குறைந்தது. கடைசியில் கடிகாரக்காரனின் அறை வந்தது. மேசைக்கு அடியில், தரையில், கோணலாக ஐந்து சிவப்புப் புள்ளிகள்.

"இதை அழுத்தினா எதுவும் சொல்ல மாட்டேங்கிறான் மேடம். மத்த எல்லாத்துக்கும் நீங்க எழுதியிருக்கீங்க. குழந்தையோட செருப்பா இருக்குமோன்னு நினைச்சு வரைஞ்சேன்." பொத்தானை அழுத்தினாள். சின்னஞ்சிறு சிவப்புச் செருப்பு ஒன்று, வாரோடு, அழகாகக் கவிழ்ந்து கிடந்தது.

மகள் எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியவில்லை. தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"என்னுதாம்மா?"

முப்பத்து மூன்று வயதுக்காரியின் குரலே இல்லை அது. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். சாட்சி யார் இருக்கிறார்கள்? வரைந்தவர் போய்ச் சேர்ந்தாயிற்று. செருப்பு தயாராக இருக்கிறது, சாயம் பூசி, நிழல் போட்டு. நாலாயிரம் பொய்யை ரிப்பேர்க்காரன் வாயில் போட்டவருக்கு இன்னொன்று கனமா?

"இல்ல கண்ணு," என்றார். "அது கை தவறி விழுந்தது."

மகளின் முகம் இறுகிப்போனது. "அதானே பார்த்தேன்," என்று திரும்பினாள்.

"நில்லு. முழுசாக் கேட்டுட்டுப் போ." பதிலம்மா அவள் கையைப் பிடித்தார். "உனக்கு நாலு வயசு. அன்னைக்கு ஆபீசுக்குக் கூட்டிட்டு வந்திருந்தோம். அவர் மேசைக்கு அடியில உக்காந்து, அப்பா அப்பான்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்த. அவர் திரும்பல. நீ எழுந்து முழங்கையப் பிடிச்சு இழுத்த. மவுஸ் சறுக்கிடுச்சு. படத்துல இருந்த மேசைக்குப் போட எடுத்த சிவப்பு, தரையில விழுந்துடுச்சு."

"அப்புறம்?"

"கத்துனாரு. நல்லாவே கத்துனாரு. உன்னைத் தூக்கிட்டுப் போய்ப் பக்கத்து ரூம்ல விட்டுக் கதவைச் சாத்தினது நான். ரொம்ப நேரம் தட்டுன. மறுநாள் படத்தைக் குடுக்கணும். எனக்கும் வேலை முடிஞ்சா போதும்னு இருந்துச்சு." பதிலம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அழிச்சிடுங்கன்னு அப்புறம் சொன்னேன். கிடக்கட்டும்னாரு. பாசத்துல சொன்னாரா, நேரமில்லாம சொன்னாரா, நான் கேக்கல. தெரியாததைத் தெரியும்னு சொல்ல மாட்டேன். அதுக்கு ஒரு வரி எழுத உக்காந்தேன், முடியல. அந்தக் கதவுச் சத்தம்தான் காதுல கேட்டுது."

ஓவியப் பெண் பாவம், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் குனிந்து பொத்தானை அழுத்தினாள். செருப்பு போய்ப் பழைய படம் வந்தது. ஐந்து புள்ளிகளையும் மூக்கு திரையில் இடிக்கிற அளவு கிட்டத்தில் போய்ப் பார்த்தாள்.

"கதவைச் சாத்துனதப் பத்தி உங்கிட்ட அப்புறம் பேசிக்கிறேன்," என்றாள் அம்மாவிடம். பிறகு ஓவியப் பெண்ணிடம், "இந்தச் செருப்பு வேணாம். எடுத்துடுங்க," என்றாள்.

"அப்போ தரையைச் சுத்தமா வரைஞ்சிடட்டுமா? இப்படியே விட்டா, விளையாடுறவங்க ஏதோ கோளாறுன்னு எங்களுக்கு எழுதுவாங்க."

"எழுதட்டும். அஞ்சு புள்ளியும் அப்படியே இருக்கட்டும்." மகள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது நான் போட்டது."