இன்னும் தண்ணீர் ஊற்றவில்லை

என்னைக் குளிப்பாட்டத் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டார்கள். சவப்பெட்டிக்கு ஆள் போயாயிற்று. நானோ உயிரோடு இருந்தேன்.

பிரியமானவர்களே, ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. எங்கள் வீடு ஜலகண்டாபுரம் பக்கம். போன மழைக்காலத்தில் ஒரு நாள் தறிக்குப் பக்கத்தில் தரையில் படுத்துத் தூங்கினேன். விடிந்தபோது வயிற்றுவலி. இமை தூக்க முடியவில்லை. பித்தம் என்று நினைத்துச் சோடா குடித்தேன். உச்சி வெயிலுக்குள் கை போயிற்று, கால் போயிற்று, நாக்கும் போயிற்று. மூச்சு மட்டும் நூலாக ஓடியது.

நாடி பார்க்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் வந்தார். "முடிஞ்சுதுங்க" என்றார். யாரோ என் இமைகளை அழுத்தி மூடினார்கள். தெருவில் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. சாவு விழுந்தால் தறியை நிறுத்துவது எங்கள் தெரு வழக்கம். எத்தனையோ பேருக்காக நானும் நிறுத்தியிருக்கிறேன். அந்த அமைதி எனக்காக என்று புரிந்தபோது, உள்ளுக்குள் அலறினேன். ஒருவருக்கும் கேட்கவில்லை. என் மகள் என் பாதத்தைத் தொட்டு, "அம்மா ஜில்லுன்னு இருக்குதுப்பா" என்றாள். ஐயோ, அந்தக் குரலை இன்றும் மறக்க முடியவில்லை.

"மாதாவே, லூர்து அக்காவை அனுப்புங்க." அது ஒன்றுதான் என் செபம்.

லூர்து அக்கா எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்தவர். தறிப் பட்டறையில் நூல் சுற்றுகிறவர். அவர் கணவர் பக்கவாதத்தில் பேச்சிழந்து கிடக்கிறார். தினமும் குளிப்பாட்டும்போது அவரிடம் கேட்டு, அவர் கண்ணசைத்த பிறகே அக்கா தண்ணீர் ஊற்றுவார். தெருவில் எந்தச் சாதி, எந்த மதத்துப் பெண் இறந்தாலும் குளிப்பாட்ட அக்காதான் போவார். இறந்தவரிடமும் அப்படியே கேட்பார், கேட்டுவிட்டுக் காத்திருப்பார். "செத்தவங்க என்னத்தச் சொல்லப் போறாங்கக்கா?" என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன்.

அக்கா வந்தார். சோப்பு வாசனையிலேயே தெரிந்தது. சொம்பை முக்கும் சத்தம் கேட்டது.

"ஸ்டெல்லா, தண்ணி ஊத்தட்டுங்களா சாமி?"

ஆண்டவரே, ஏதாவது ஒன்று அசையட்டும் என்று மன்றாடினேன். எதுவும் அசையவில்லை.

"ஏனுங்கக்கா, பொழுது சாயறதுக்குள்ள எடுக்கோணும். ஊத்துங்க" என்றாள் ஒருத்தி.

"இரு சாமி. கேட்டா, பதிலுக்கு நிக்கோணுமில்ல?"

அந்த அமைதிக்குள் என் கண்ணோரம் சூடாயிற்று.

"மொகத்துல தண்ணி பட்டிருச்சாட்ட இருக்குது" என்றாள் அவள்.

அக்காவின் மூச்சு என் முகத்தில் பட்டது. "நான் இன்னும் ஊத்தவே இல்லியே!"

அடுத்த கணம் சொம்பு உருண்டது. அக்கா என்னை மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டு, "வண்டி கொண்டாங்க! சேலத்துக்கு வுடுங்க!" என்று கத்தினார். தூக்கத்தில் கடித்தது கட்டுவிரியன் பாம்பு, அது கடித்தால் வலிகூடத் தெரியாது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். விஷமுறிவு மருந்தும் மூச்சுக் குழாயுமாகக் கிடந்து பிழைத்தேன். ஆண்டவருக்கு நன்றி சொல்ல எனக்கு இந்த ஒரு வாய் போதாது.

இப்போதெல்லாம் அக்காவோடு நானும் சாவு வீட்டுக்குப் போகிறேன். சொம்பு என் கையில்தான் இருக்கும். கேட்டுவிட்டு நிற்கிறோம். இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஆனாலும் அந்த நேரத்தில் மூடிய இமையோரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். உள்ளே இருந்தவள் அல்லவா நான்?

அன்பானவர்களே, ஆண்டவரிடம் நம்பிக் கேளுங்கள். கேட்டவுடன் எழுந்து போய்விடாதீர்கள். அக்கா நின்ற அந்தக் கொஞ்ச நேரம்தான் இன்று உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறது.