பதினைந்து நிமிடத்தை ஐந்தாக்கினேன்

1. கை கேட்கவில்லை

இருபது வருஷம் வேர்டில் மேனுவல் எழுதிய எனக்கு எழுதத் தெரியாது என்று ஒரு திங்கட்கிழமை காலை தெரியவந்தது. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் பெட்டிகள் செய்கிற கம்பெனி எங்களுடையது. இனி மேனுவலை முழுசாக எழுதக் கூடாதாம். துண்டு துண்டாக டாபிக் எழுதி இது தலைப்பு, இது எச்சரிக்கை என்று குறிக்கும் எக்ஸ்எம்எல் டேகுக்குள் வைத்துவிட வேண்டும். எந்த மேனுவலுக்கு எது வேண்டுமோ அது போய்ச் சேர்ந்துகொள்ளும்.

சொல்லிக்கொடுத்த மௌமிதாவுக்கு என் சர்வீஸைவிட ஐந்து வயது அதிகம்.

"வசந்தாதி, எழுத்தைத் தடிமனா போல்ட் பண்ணாதீங்க. இது வார்னிங்னு டேக் மட்டும் போடுங்க. எப்படித் தெரியணும்கறதை ஸ்டைல்ஷீட் பார்த்துக்கும்" என்றாள் வங்காள மொழியில். வசந்தா தீதி, அதாவது வசந்தா அக்கா, அவள் வாயில் வசந்தாதி.

சரி என்று சொல்லிவிட்டு போல்ட் பண்ணினேன்.

2. ஒரே ஒரு வரி

மூன்றாவது வாரம் சின்ன டிரைவ் ஒன்றின் மேனுவல் என்னிடம் வந்தது. பவரை ஆஃப் செய்தாலும் கெப்பாசிட்டரில் சார்ஜ் கொஞ்ச நேரம் நிற்கும், தொட்டால் ஷாக் அடிக்கும். அதனால் பெட்டியைத் திறக்குமுன் பதினைந்து நிமிடம் காத்திருக்கச் சொல்லி ஒரு வார்னிங் டாபிக் இருந்தது. சின்ன டிரைவுக்கு ஐந்தே போதும். மாற்றினேன், சேவ் செய்தேன், சாப்பிடப் போனேன்.

வேர்டில் ஒவ்வொரு மேனுவலுக்கும் தனித்தனிக் காப்பி. இங்கே அந்த வரி மொத்தமே ஒன்றுதான். எல்லா மேனுவலும் அதையே எடுத்துக்கொண்டிருந்தன. முதல் நாளே மௌமிதா இதைச் சொல்லியிருந்தாள். நோட்டில் எழுதியும் வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை அவள் என் மேஜைக்கு வந்தாள்.

"பெரிய டிரைவுக்கு அஞ்சு நிமிஷம்னு யாரு போட்டது?"

"அதை நான் தொடவே இல்லையே."

"வார்னிங்கைத் தொட்டீங்களா?"

நோட்டை எடுத்து முதல் நாள் பக்கத்தைப் பிரித்தேன்.

"அந்த மேனுவல் காலைலயே சைட்டுக்குப் போயாச்சு, வசந்தாதி."

3. ஐந்தாவது போன்

சைட் என்பது கஸ்டமரின் ஆலை; அங்கே பெரிய டிரைவைத் திறக்கப் போயிருந்தவன் எங்கள் சர்வீஸ் இன்ஜினியர் சேகர். கரக்பூர் ரயில்வே குடும்பத்துப் பையன், தமிழில் பாதி வங்காளம். அவன் பெண்டாட்டி லேக் மார்க்கெட்டில் என்னைப் பார்த்தால் கருவேப்பிலை வாங்கிய கையோடு நின்று பேசுவாள். அவள் முகம்தான் கண்முன் வந்தது. சேகருக்கு நான்கு தடவை போன் அடித்தும் எடுக்கவில்லை. ஐந்தாவது தடவை எடுத்தான்.

"சேகர், பெட்டியைத் திறந்துட்டியா?"

"திறந்து, மூடியும் ஆச்சு தீதி. ஏன்?"

"எத்தனை நிமிஷம் வெயிட் பண்ணே?"

"வெளியே டீக்கடைக்குப் போய் ரெண்டு சா குடிச்சேன். அப்புறம் மீட்டர் வெச்சுப் பார்த்தேன், ஜீரோ. அதுக்கப்புறம்தான் கை வெச்சேன்."

"மேனுவல்ல அஞ்சு நிமிஷம்னு..."

"மேனுவலா? அதை யாரு தீதி படிக்கறா?"

போனை வைத்துவிட்டு அழுதேன். நான் எழுதியதை ஒருவன் படிக்காததற்காக அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வது இது. ஒரு டாபிக்கைத் திருத்துமுன், அது எங்கெல்லாம் போகிறது என்ற பட்டியலைத் திறந்து பாருங்கள். மேனுவலைப் படித்து, அதில் உள்ளபடியே செய்கிறவன் எங்காவது ஒருவன் இருப்பான்.